ஒரு லோடு வரைக்கும்

1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். இருவரும் உறவினர்கள். அய்ய நாடார் பிறந்தது 1905இல். அப்போது அவருக்கு இருபதுகூட ஆகவில்லை. சிவகாசிக்கு ரயில் வருவதற்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. வடக்கே போகிறவர்கள் விருதுபட்டிக்குப் போய்த்தான் வண்டி ஏறுவார்கள். கல்கத்தாவில் ஏறத்தாழ எட்டு மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். 1923இல் ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்து, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிற்சாலை தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் இந்தக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் கணக்கெழுதிப் பிழைத்தவன். வத்திராயிருப்பில் பிறந்து, சிவகாசியில் பேரேடு பழகி, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வாக இருக்கிறேன். கணக்குப்பிள்ளைக்கு வேறு கேள்விதான் வரும். தொழில் பழகப் போன பையன்கள் திரும்பி வந்து ஒரு ஊரின் பிழைப்பையே மாற்றுகிற முடிவை எடுத்தார்கள். அந்த முடிவு தப்பிப்போயிருந்தால் நஷ்டத்தை யார் பேரில் பற்று எழுதியிருப்பார்கள்?

இந்தக் கேள்வியை இப்போது கிளப்பியவள் என் தம்பி மகள். கல்லூரி முடிக்கவில்லை, சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்ன். தெற்கு மாவட்டங்களில் அடுத்து எந்தெந்த ஊரில் கடை திறக்கலாம் என்று திட்டம் போடுகிற வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். “பெரியப்பா, ஸ்ட்ராட்டஜியே என் கையிலதான் குடுத்துருக்காங்க” என்றாள் போனில். அவள் குரலில் இருந்த பெருமை எனக்குப் பிடித்திருந்தது. கூடவே கொஞ்சம் சந்தேகமும் வந்தது. பழகுகிறவர்களை நம்பிப் பெரிய காரியம் கொடுப்பது புதிய வழக்கமல்ல. அந்த வழக்கத்துக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் வரவு பக்கத்தை எல்லோரும் வாசிக்கிறார்கள். நான் பற்றுப் பக்கத்தை வாசிக்கிறேன்.

முதலில் அந்த 1922ஐப் பார்க்கலாம். அதுவரை இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பங்கு ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. அந்த வருஷம் அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. வெளிநாட்டுப் பெட்டியின் விலை ஏறியது; உள்நாட்டில் செய்கிறவனுக்கு வாசல் திறந்தது. திறந்த வாசலைப் பார்த்தவர்கள் சிவகாசிக்காரர்கள் மட்டுமல்ல. ஸ்வீடன் கம்பெனியும் பார்த்தது. கப்பலில் பெட்டி அனுப்பினால்தானே வரி, இந்தியாவிலேயே செய்துவிடலாம் என்று 1923இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியைத் தொடங்கியது. சுருக்கமாக விம்கோ. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னைத் திருவொற்றியூர் என்று அதற்கு ஆலைகள் எழுந்தன. உலகத் தீப்பெட்டிச் சந்தையையே ஆண்ட கம்பெனியும், எட்டு மாதம் தொழில் பழகிய இரண்டு இளைஞர்களும் ஒரே வருஷத்தில் களமிறங்கினார்கள்.

இயந்திரத்துக்கு இயந்திரம் என்று போயிருந்தால் சிவகாசி தோற்றிருக்கும். விம்கோவின் ஆலையோடு எந்த இயந்திரத்தை வைத்து மோதுவது? சில வருஷங்களிலேயே சிவகாசி கையால் செய்கிற முறைக்குத் திரும்பியது. குச்சி அடுக்க ஒரு கை, மருந்தில் முக்க ஒரு கை, பெட்டி ஒட்ட வீடு வீடாக நூறு கை. மழை குறைந்த ஊர், காய்கிற வெயில், வேலை தேடி நிற்கிற கரிசல் காட்டு ஜனம். முதல் குறைவாகப் போதும். ஒரு பட்டறை மூடினாலும் அடுத்த தெருவில் இன்னொன்று திறக்கும். 1926 வாக்கில் கூட்டாளிகள் பிரிந்து, அணில் படம் போட்ட பெட்டி ஒருவருடையது, காக்கா படம் போட்டது மற்றவருடையது என்று ஆனபோதும் தொழில் குறையவில்லை, பெருகியது. 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. பிற்பாடு கைத்தொழில் பட்டறைக்கு ஒரு வீதம், இயந்திர ஆலைக்கு அதைவிட அதிக வீதம் என்று அரசு பிரித்து வைத்தபோது, அந்தப் பழைய முடிவுக்குச் சட்டத்தின் காவலும் கிடைத்தது.

இதைத் தனிமனிதச் சாகசமாகச் சொன்னால் பாதிக் கதைதான். சிவகாசி நாடார் உறவின்முறையின் ஆறு ஊர்களில் ஒன்று. விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி மற்றவை. இந்த ஊர் வியாபாரிகள் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமையாக எடுத்து வைத்தார்கள். கிணறும் பள்ளிக்கூடமும் பேட்டையும் அந்தப் பணத்தில் வந்தன. மகமை நேராக ஒருவன் கடையில் முதல் போடுகிற ஏற்பாடு அல்ல. ஆனால் ஒருவன் தொழிலில் சறுக்கினால் சோற்றுக்கும் பிள்ளை படிப்புக்கும் ஊர் இருக்கிறது என்ற தைரியத்தை அது கொடுத்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியிருந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். தோற்றாலும் தெருவில் நிற்க மாட்டோம் என்று தெரிந்தவனுக்குத்தான் ஜெர்மன் இயந்திரத்தை வாங்கிப் பார்க்கவும், சரிவரவில்லை என்றால் ஒதுக்கி வைக்கவும் மனசு வரும்.

சிவகாசிக்கு முன்பே இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் நகரத்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் நடத்திய வட்டிக்கடைகளில் முதலாளி இருப்பதில்லை. அவர் செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். கடையை நடத்துகிறவர் ஏஜெண்ட். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் கணக்குப் பழக ஆரம்பிப்பான். வட்டி வாய்பாடு நாக்கு நுனியில் நிற்க வேண்டும். கடை பெருக்குவதும் ஏட்டில் பதிவதும் அவன் வேலை. தேறினால் அடுத்தாள். அதற்கு மேலும் தேறினால், முதலாளி பவர் எழுதிக் கொடுத்துக் கப்பல் ஏற்றிவிடுவார். மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே வீட்டுக்குக் கிடைக்கும். கடை நன்றாக நடந்தால் லாபத்தில் பங்கும் உண்டு. இராவதி ஆற்றோரம் எந்தக் குடியானவனுக்கு எவ்வளவு கடன், எந்த நிலத்தை அடமானம் பிடிப்பது என்று அவன் முடிவெடுப்பான். கண்டனூரிலோ காரைக்குடியிலோ இருக்கிற முதலாளிக்குக் கடிதம் போய்ச் சேருமுன் பணம் கைமாறியிருக்கும்.

1930இல் பர்மாவில் இப்படிப்பட்ட கடைகள் 1,650 இருந்ததாக அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்றது. அத்தனை பணமும் பழகி மேலே வந்த பையன்களின் கையெழுத்தில் ஓடியது. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு எல்லைகள் இருந்தன. வட்டியை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ரங்கூனில் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். மூன்று வருஷம் முடிந்ததும் ஊருக்கு வந்து முதலாளி முன்னால் ஏட்டைப் பிரித்து வைக்க வேண்டும். ஏடு தப்பாக இருந்தால் அடுத்த கப்பல் கிடையாது, ஊரில் பெண்ணும் கிடைக்காது. ப. சிங்காரம் சிங்கம்புணரியிலிருந்து 1938இல், பதினெட்டு வயதில், இந்தோனேசியாவின் மேடான் நகரத்து வட்டிக்கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனவர். அந்த உலகத்தின் மணமும் புழுக்கமும் தெரிய வேண்டும் என்றால் அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் படிக்கலாம்.

கடைக்குள் பற்று வரவு ஒழுங்காகவே இருந்தது. கடைக்கு வெளியேதான் கோளாறு. 1930களில் நெல் விலை விழுந்தபோது, கடன் வாங்கிய பர்மியக் குடியானவனால் கட்ட முடியவில்லை. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கால்வாசி செட்டியார் கடைகளின் கைக்கு வந்திருந்தது. நிலம் யாரும் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. கடை நடத்தப் போனவர்களுக்கு நிலம் பாரம்தான். ஆனாலும் நிலத்தை இழந்தவன் அதை எப்படிப் பார்ப்பான்? நஷ்டத்தின் முதல் பற்று அவன் பேரில் விழுந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது மிச்சம் இருந்தது முதலாளிகள் பேரில் விழுந்தது.

இதே வழக்கத்தின் மோசமான வடிவத்தைச் சென்னைக் கோட்டையில் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி பதினாறு, பதினேழு வயதுப் பையன்களை ரைட்டர் என்ற பெயரில் கப்பலேற்றியது. வருஷச் சம்பளம் 5 பவுன். கணக்கைப் படியெடுப்பதும் சரக்கை எண்ணுவதும் வேலை. நேர்மைக்கு வீட்டார் ஜாமீன் கட்ட வேண்டும். எலிஹு யேல் 1672இல் இப்படி ரைட்டராக வந்து 1687இல் சென்னைக்கு ஆளுநர் ஆனார், 1692இல் நீக்கப்பட்டார். ராபர்ட் கிளைவ் 1744இல் பதினெட்டு வயதில் வந்தவர். லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் பையன்களே போரும் ஒப்பந்தமும் வரியும் பேசினார்கள். சம்பளம் போதாது என்று கம்பெனிக்கே தெரியும். சொந்த வியாபாரம் செய்துகொள் என்று விட்டுவிட்டது. எல்லை கிடையாது, ஏடு பார்க்க ஆள் கிடையாது. 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமை கம்பெனி கைக்கு வந்தது. 1770இல் அங்கே பெரும்பஞ்சம் விழுந்தது. லாபம் கம்பெனிப் பங்குதாரர்கள் ஏட்டில் ஏறியது. பற்று வங்காளத்துக் குடியானவன் பேரில் விழுந்தது.

இத்தனை பெரிய இடங்களைச் சொல்லிவிட்டு என் சின்னக் கதையையும் சொல்கிறேன். பிளவக்கல்லில் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் கட்டிக்கொண்டிருந்த எழுபதுகளில் நான் பள்ளிக்கூடம் முடித்தேன். 47 அடியும் 42 அடியும் உயரமான அந்த இரண்டு அணையால் எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் வந்தது. எங்களுக்கு வயல்தான் கிடையாது. சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளைக்குக் கையாளாகச் சேர்ந்தேன். நாள்வழி எழுதுவது, அதிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவது, சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. கொஞ்ச நாளில் முதலாளி கூப்பிட்டார்.

“கேரளாவுக்குப் போயிட்டு வாரியா? மட்டி மரம் விலை ஏறிட்டுங்கான். ஏஜெண்டு சொல்றத நம்ப முடியல.”

“நானா மொதலாளி? எனக்கு மரம் பத்தி என்ன தெரியும்?”

“அதான் ஒன்ன அனுப்புறேன். தெரிஞ்சவன் அங்க போனா அவனுக்கு வேண்டியவனப் பாப்பான். அறுத்த முகத்துல நகத்தால கீறிப் பாரு. ஈரம் இருக்கணும். காஞ்ச தடின்னா குச்சி உரிக்கையில ஒடியும். விலை பேசு. ஒரு லோடு வரைக்கும் ஒன் இஷ்டம். ரெண்டாவது லோடுன்னா தந்தி குடு.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் கொல்லம் வண்டி ஏறினேன். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி மலைக்குள் நுழைந்ததும் குகைப் பாதைகள், ஆரியங்காவு, தென்மலை, கடைசியில் புனலூர். மரக்கடைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நகத்தால் கீறிப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். ஏஜெண்ட் சொன்ன விலை ஏற்றம் உண்மைதான். ஆனால் அவர் சொன்ன அளவு இல்லை. ஒரு லோடு எடுத்தேன். இரண்டாவதுக்குத் தந்தி கொடுத்தேன். வேண்டாம் என்று பதில் வந்தது. ஏன் வேண்டாம் என்று ஊர் திரும்பியபின் உட்கார வைத்துச் சொன்னார்: தீபாவளிக்குப் பிறகு பட்டுவாடா நெருக்கடி, பணத்தை மரத்தில் முடக்க முடியாது. எனக்குத் தெரியாத பாதி அது.

என்னை அனுப்பும் முன்பே அவர் கணக்குப்பிள்ளையிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன்: “பையன் பேருல எழுதாத. லோடு மோசம்னா ஏம் பேருல எழுது.” சம்பளப் பிடித்தமும் திட்டும் அந்தக் காலத்தில் சாதாரணம். அதற்கு நடுவே அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் புனலூரில் பயமில்லாமல் பேரம் பேசினேன். எவ்வளவு வரைக்கும் என் அதிகாரம் என்று எனக்குத் தெரியும். தோற்றால் யார் தாங்குவார் என்றும் தெரியும். ஒரு பிள்ளையிடம் பெரிய காரியம் கொடுக்க இந்த இரண்டும் போதும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பொறுப்புக் கொடுத்தது ஆகாது.

அதே ஊரில், அதே தொழிலில், இந்த இரண்டும் இல்லாமல் தொழில் பழகியவர்களும் இருந்தார்கள். விடியுமுன் சுற்றுக் கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். வேலை பழகுகிறார்கள் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் கையில் எந்த முடிவும் இல்லை. எண்ணிக்கைக் கூலி, உடம்பின் நஷ்டம் முழுவதும் அவர்கள் பேரிலேயே விழுந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது பிள்ளையின் படிப்பு நலனுக்கான நிதியில் சேர வேண்டும். கணக்குப்பிள்ளை பாஷையில் அது ஒரு திருத்தப் பதிவு. வெகுகாலம் பிள்ளை பேரில் கிடந்த பற்றை முதலாளி பேருக்கு மாற்றச் சொன்ன பதிவு.

ராஜபாளையத்தில் வேறு முறை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பஞ்சாலை என்பது நெளிவுக்கு இடமில்லாத தொழில். கதிர் எத்தனை, வேகம் எத்தனை, நூல் அறுந்தால் எத்தனை நொடியில் முடிய வேண்டும் என்பதெல்லாம் வகுத்தது. பழக வருகிற பையனுக்கு ஃபிட்டர் பக்கத்தில் இடம், கையில் ஸ்பானர். 1961இல் பழகுநர் சட்டம் வந்தபின் உதவித்தொகை, காலம், பரீட்சை, சான்றிதழ் என்று அது முறைப்பட்டது. எங்கள் சொந்தக்காரர்களில் அப்படிப் பழகி மாஸ்டர் ஆனவர்கள் உண்டு. ஆலையில் பழகுநர் பஞ்சு கொள்முதல் விலையை முடிவு செய்ததில்லை. செய்யச் சொல்லவும் இல்லை. உனக்குத் தொழில் சொல்லித் தருகிறேன், முடிவு என்னுடையது என்று ஆலை நேராகச் சொன்னது. அதில் ஒரு நாணயம் இருக்கிறது.

இப்போது வந்திருப்பது இரண்டும் கலந்த ஒன்று. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. 500 பெரிய கம்பெனிகளில், ஐந்து வருஷத்தில், ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்று அப்போது அறிவித்தார்கள். இது தவிர கம்பெனிகள் தாமாகவே கல்லூரிகளிலிருந்து பிள்ளைகளை எடுக்கின்றன. ஆலையைப் போலச் சில மாதப் பயிற்சி, வட்டிக்கடை ஏஜெண்டைப் போலப் பெரிய பேச்சு. எந்த ஊரில் கடை, எந்தச் சரக்குக்கு என்ன விலை என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்து தயார் செய்கிறார்கள். தெரிந்தவன் பழைய தடத்திலேயே போவான், தெரியாதவன் கண்ணுக்குத்தான் புது விஷயம் படும் என்பது என் முதலாளிக்கும் தெரிந்த உண்மை. அதனால் கம்பெனிகள் கேட்பதை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

தம்பி மகளிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன். எவ்வளவு வரைக்கும் நீ முடிவெடுக்கலாம்? தப்பினால் யார் பேரில் எழுதுவார்கள்? சங்கடப்பட்டாலும் தன் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டாள். அவள் போடுகிற திட்டம் ஒரு குழுவுக்குப் போகுமாம். அவர்கள் பார்த்து முடிவு செய்வார்களாம். எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இருக்காதாம். நஷ்டம் அவள் பேரில் விழாது, அந்த மட்டுக்கும் நல்லது. ஒரு லோடு எடுக்கவும் அவளுக்கு அதிகாரம் இல்லை.

“அப்ப இது பயிற்சிதான் தாயி. நல்லாப் படிச்சுக்கோ” என்றேன். “பொறுப்புங்கிறது வேற.”

“சர்டிபிகேட்ல ஸ்ட்ராட்டஜின்னுதான் போட்டுத் தருவாங்க, பெரியப்பா” என்றாள்.

போடட்டும். அது அவளுக்கு அடுத்த வேலை வாங்கித் தந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கம்பெனிகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரே ஒரு ஊரை அவளிடம் கொடுங்கள். சின்ன ஊராக இருக்கட்டும், ஒரு கடைதான். கையெழுத்தும் அவளுடையதாக இருக்கட்டும். அந்தக் கடை நஷ்டப்பட்டால் உங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஆகிற செலவு நீங்கள் ஆள் எடுக்கப் போடுகிற விளம்பரச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.